குடவோலையும் குலுக்கல் முறையும்

இடம் சிலவும் வேண்டுவோர் பலருமாக உள்ளவிடத்துத் திருவுளச்சீட்டே நடுநிலையான வழி என்பர். ஆயின் சீட்டைக் குலுக்கிய மாத்திரத்தே நடுநிலை வந்துவிடாது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய 'ஜென் கான்' என்னும் விளையாட்டு மாநாட்டில், பங்குபற்ற விழைவோர் தாம் விரும்பும் ஆட்டங்களைப் பட்டியலிட்டு இணையவழி அனுப்புவர். கணினி அப்பட்டியல்களை எழுமாறாக வரிசையில் நிறுத்தும். முன்னின்றவர்க்கு விரும்பியவை கிட்டும், பின்னின்றவர்க்கு எஞ்சியவையே. ஆகவே அங்குக் குலுக்கப்படுவது இருக்கையன்று, முறைவரிசையாம். அது நிகழ்வதைப் பிறர் கண்ணாற் காண்டல் அரிது.

அக்குலுக்கலையே ஊரறியச் செய்தனர், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சபையார். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகள், 30 குடும்புகளுக்கும் தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்படும். சிறியோரும் பெரியோருமாகச் சபை கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின், ஓர் ஓலை மட்டும் எடுக்கப்பட்டு மத்தியஸ்தனிடம் சேரும். அவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையிலே அதனை வாங்குதல் வேண்டும். பிறிதோர் ஓலையை ஒளித்துவைத்து மாற்றுதற்கு இடமேது! அவன் வாசித்த ஓலையை அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசிப்பர்.

கட்டுக்கு ஓரோலையாக எடுத்தமையால் குடும்புக்கு ஒருவர் என்பதும் உறுதியாயிற்று. முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தார் பெயர் குடத்தில் இடப்படுவதில்லை. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் அவ்வாறே.