புறா எச்சமா? துடைப்பத்தை எடுக்காதீர்கள்!

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறார்கள். தரையெல்லாம் புறா எச்சம்! "பெருக்கித் தள்ளினால் போயிற்று" என்று துடைப்பத்தை எடுக்கிறார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத நோய்க் காளான் அந்தத் தூசியில் இருக்கக்கூடும். மூச்சு வழியாக அது நுரையீரலில் புகும். உடல் பலவீனமானவர்களுக்கு மூளையையும் தாக்கும். புறா எச்சத்தில் இந்தக் காளான் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி எம்மன்ஸ் 1955-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்.

சுத்தம் செய்வது எப்படி?

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள். "என்-95" முகக் கவசமும், ரப்பர் கையுறையும் அணியுங்கள். எச்சத்தின் மீது சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். நன்றாக ஊறட்டும். பிறகு தகரத் தகட்டால் சுரண்டுங்கள். ஈரம் காயும் முன்பே அள்ளி, ஒரு பைக்குள் இன்னொரு பையாக இரண்டு பை போட்டுக் கட்டுங்கள். தரையைக் கழுவுங்கள். பின்பு குளித்து, உடுத்திய துணியைத் துவையுங்கள்.

குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் அங்கே வரக்கூடாது.

பிறகு இருமலோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் செல்லுங்கள். எச்சம் அள்ளியதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துவிட்டால், மறுபடியும் புறா வராது. வேலையும் மிச்சம்!