ஊருக்கு உரிய மொழியும் பள்ளிக்கு உரிய மொழியும்: கோலா தெர்லாவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே, காய்கறிப் பண்ணைகளுக்கு நடுவில் அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும் 'குவாலா' என்னும் மலாய்ச் சொல், தமிழர் நாவில் 'கோலா' என நின்றுவிட்டது. கோலாலம்பூர், கோலா சிலாங்கூர் என்னும் பெயர்களும் இவ்வாறே அமைந்தன. தமிழருக்கு இது தம் ஊர்ப்பெயர்; அரசுமுறை வழக்கிலோ மலாய் வடிவம் ஒன்றே உண்டு. ஓர் ஊரில் பல மொழியினர் வாழ்வது வேறு, அம்மொழிகள் அவ்வூருக்கு உரியனவாகச் சட்டத்தால் ஏற்கப்படுவது வேறு என்பதை இச்சிறு செய்தியே உணர்த்துகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்த நாம் சற்றுத் தொலைவில் உள்ள ஓர் ஊரைத் துணைக்கொள்கிறோம்.

பின்லாந்தின் தென்பகுதியில் லப்பின்யார்வி என்னும் சிற்றூராட்சி உள்ளது. மூவாயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட உழவர் நிலம் அது. பெரும்பான்மையோர் பின்னிய மொழியினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சுவீடிய மொழியினர். இவர்கள் அவ்வூரை லப்திரெஸ்க் என்பர். 'யார்வி' என்பது பின்னியத்தில் ஏரி. 'திரெஸ்க்' என்பதும் பின்லாந்துச் சுவீடியத்தில் ஏரியே. (சுவீடன் நாட்டிலோ அச்சொல் சதுப்பு நிலத்தைக் குறிக்கும். கடல் கடந்த மொழி தன் சொற்பொருளைத் தனியே காத்துக்கொள்வது மலேசியத் தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று.) அங்கு இரு பெயர்களும் அரசுமுறைப் பெயர்கள், சாலைப் பலகையில் பெரும்பான்மையோர் மொழி மேலேயும் மற்றது கீழேயும் எழுதப்படும்.

2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பின்லாந்து மொழிச் சட்டம் இதற்கு ஓர் அளவு வகுத்துள்ளது. சிறுபான்மை மொழியினர் 8 விழுக்காட்டினராகவோ 3,000 பேராகவோ இருப்பின், அவ்வூராட்சி இருமொழி ஊராட்சியாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை இது மறுஆய்வு செய்யப்படும். தொகை 8க்குக் கீழே இறங்கியவுடன் தகுதி பறிபோவதில்லை; 6 விழுக்காட்டுக்கும் கீழே சென்றால்தான் போகும். அப்போதும் ஊராட்சி மன்றம் வேண்டிக்கொண்டால் அரசு மேலும் பத்தாண்டுக்கு அத்தகுதியை நீட்டிக்கலாம். இரு மொழிகளிலும் கல்வி வழங்குவது ஊராட்சியின் கடமை. பெற்றோர் விண்ணப்பித்துப் பெறவேண்டிய சலுகையன்று அது.

இவ்வளவுகோலைக் கேமரன் மலையில் வைத்துப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு கேமரன் மலை நாடாளுமன்ற இடைத்தேர்தலில் இந்திய வாக்காளர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். சீனரும் பூர்வகுடியினரும் அவரினும் மிகுதி. வாக்காளர் கணக்கு மொழிக் கணக்காகாது, தொகுதியும் மலையைவிடப் பெரிது எனினும், 8 விழுக்காடு என்னும் வரம்பைத் தமிழும் எட்டக்கூடியதே என்பது தெளிவு. ஆனால், மலேசியச் சட்டம் ஊரை அலகாகக் கொள்ளவில்லை. அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கி, பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் உள்ள உரிமையைக் காக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம், பொதுநலன் கருதி அரசு ஆவணங்களைப் பிற மொழிகளில் பெயர்த்து வழங்க அரசுக்கு இடம் தருகிறது. இடம் தருகிறதேயன்றிக் கடமையாக்கவில்லை. மாவட்ட மன்ற உறுப்பினரும் இங்கு நியமனம் பெறுவோரேயன்றித் தேர்ந்தெடுக்கப்படுவோர் அல்லர். ஆகவே, மொழியின் பொருட்டு வாக்குக் கேட்பதற்கும் அம்மன்றத்தில் வழியில்லை.

எஞ்சியது பள்ளி. தானா ராத்தா, ரிங்லெட், போ தோட்டம் ஆகிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை எட்டாத பிள்ளைகளுக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வேறோர் எண்ணைத் தருகிறது: தேசியப் பள்ளியில் பயிலும் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அங்குத் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்படவேண்டும். பின்லாந்தின் 8 ஊரைப் பற்றிய எண். நம்முடைய 15 ஒரு பள்ளியைப் பற்றிய எண். முன்னதை மக்கட்பதிவேடே கணக்கிட்டுக்கொள்ளும். பின்னதைப் பெற்றோர் கேட்டுப் பெறவேண்டும். தொகை குறையும்போது தாங்கிக்கொள்ள 8க்கும் 6க்கும் இடையில் உள்ளது போன்ற இடைவெளியும் இச்சட்டத்தில் குறிக்கப்படவில்லை.

ஆயினும் பின்லாந்து முறையே சிறந்ததென்று நாம் விரைந்து கூறுவதற்கில்லை. அது நிலத்தில் வேரூன்றிய உழவர்க்கு வகுத்த முறை. 1929இல் போ தோட்டம் தொடங்கியதுமுதல் இம்மலைக்கு வந்த தேயிலைத் தொழிலாளர் குடியிருந்தது தோட்டத்து லயத்தில். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகள் படிப்பையும் பிழைப்பையும் நாடிச் சமவெளி நகரங்களுக்குச் சென்றனர். பெயர்ந்துகொண்டே இருக்கும் இத்தகையோர்க்கு, ஊரோடு கட்டுண்ட உரிமையைவிடச் சென்ற ஊரின் பள்ளியில் கேட்டுப் பெறும் உரிமையே ஒருவகையில் பயன்மிக்கது. ஆனால், கேட்கவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாதிருப்பின் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். பதினான்கு பிள்ளைகள் உள்ள பள்ளியில் பதினைந்தாவது பிள்ளையின் பெற்றோரைத் தேடிச் சென்று எடுத்துரைக்கக்கூடியவர், அவ்வட்டாரத்துத் தமிழாசிரியரே.

இம்மலையின் மூத்த மொழிகளுள் ஒன்றான செமாய்க்கு இவ்வளவு உறுதியும் இல்லை. பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 என்னும் எண்தான். ஆனால், 'நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருப்பின்' என்னும் பொருள்பட ஒரு நிபந்தனை கூடுதலாக இணைக்கப்பட்டுள்ளது. தமிழுக்கும் சீனத்துக்கும் அந்நிபந்தனை இல்லை.