கண் நலம் – 9: நீர் வடியும் கண்ணில் ஒளிந்திருக்கும் கட்டி

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவருக்குக் கண்ணில் நீர் வடிவது ஒரு செய்தியே இல்லை. பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில், உப்புக்காற்று, துறைமுகப் பக்கத்துத் தூசி என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த எரிச்சலைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது மிக அபூர்வமான நோய்: கண்ணீர்ப் பாதையில் வரும் புற்று. எல்லோருக்கும் கண் கலங்கும் ஊரில் இதைச் சந்தேகிக்கவே நாளாகும் என்பதுதான் இதன் ஆபத்து.

இமைகளின் உள்மூலையில், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சிறு துளைகள் உள்ளன. அவற்றில் இறங்கும் கண்ணீர், மூக்கோரத்தில் எலும்புக் குழிக்குள் இருக்கும் கண்ணீர்ப் பையை அடைந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். குழாய் அடைத்தால் நீர் வழியும், பையில் சீழ் கட்டும். நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அதிகம். எலும்பில் வழி திறந்து பையை நேராக மூக்கோடு இணைக்கும் 'டிசிஆர்' அறுவை சிகிச்சை இதற்கு நல்ல தீர்வு. இத்தாலிய மருத்துவர் அடியோ தோத்தி 1904-ல் விவரித்த முறை அது.

பைக்குள் கட்டி வளர்ந்தாலும் தொடக்கத்தில் இதே நீர்வடிதல்தான். சாதாரண அடைப்பு என்று நினைத்து டிசிஆர் செய்யும்போதுதான் சிலருக்குக் கட்டியே தெரியவரும். பையில் தோன்றும் கட்டிகளில் பாதிக்கு மேல் புற்று என்பதால் அடையாளங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சீழ்வீக்கம் பெரும்பாலும் உள்மூலைத் தசைநாருக்குக் கீழேயே நிற்கும். புற்றுக்கட்டி அதற்கு மேலும் ஏறும், கெட்டியாக இருக்கும், அழுத்தினால் அமுங்காது. கண்ணீரில் ரத்தம் கலந்து வரலாம். அதே பக்க மூக்கிலும் ரத்தம் வரலாம்.

ரத்தக் கண்ணீர் என்றாலே புற்று என்று பயந்துவிட வேண்டாம். தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்றும் இப்படி ரத்தம் காட்டும். 1900-ல் புவெனஸ் ஐரிஸ் நகரில் கியெர்மோ சீபர் விவரித்த நோய் இது. குளம், ஊருணிகளில் குளிப்பவர்களிடம் அதிகம் வருகிறது. மூக்கிலும் கண்ணிலும் சிவந்த சதை வளரும். கண்ணீர்ப் பைக்குள்ளும் வளரும். இது புற்று அல்ல. அடியோடு வெட்டி, வேரைச் சுட்டுவிடுவதே வைத்தியம், திரும்பவும் வரலாம். இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்வது நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் திசுப் பரிசோதனைதான்.

புற்று என்ற சந்தேகம் இருந்தால் டிசிஆர் கூடாது. திறந்த வழியாகக் கட்டி மூக்குக்குள் பரவக்கூடும். முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு பயாப்ஸி. கழுத்து நெறிக்கட்டிகளையும் பார்த்தாக வேண்டும். செதிள் செல் புற்று என்றால் கண் மருத்துவரும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் சேர்ந்து பை, துளைகளிலிருந்து பைக்கு வரும் நுண்குழாய்கள், மூக்குக்குள் போகும் குழாய், ஒட்டிய எலும்பு என மொத்தமாக அகற்றுவார்கள். பிறகு பெரும்பாலும் பல வாரக் கதிர்வீச்சு. கண்குழிக்குள் ஆழமாகப் பரவியிருந்தால் கண்ணையே எடுக்க நேரிடலாம். லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று என்றால் பெரிய அறுவை தேவைப்படாது. மருந்தும் கதிர்வீச்சும்தான் முக்கியச் சிகிச்சை.

பாதையை எடுத்துவிட்டதால் நீர்வடிதல் தொடரும். நோய் திரும்பவில்லை என்று உறுதியான பின் சிலருக்குச் சிறு கண்ணாடிக் குழாய் பொருத்தலாம். ஆண்டுக்கணக்கில் தொடர் பரிசோதனைக்குப் போவதை மட்டும் விடக்கூடாது.

தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1988 முதல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் விடாமல் நீர் வடிந்து, உள்மூலையில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் கடையில் சொட்டுமருந்து வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போய், “திசுவைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.

(தொடரும்)