நீர்ப்பிரமி நஞ்சிலிருந்து மூளையைக் காக்குமா?

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் கேட்டான். "அண்ணே, அப்பா முப்பது வருஷமா வயலுக்கு மருந்தடிக்கிறாரு. இப்ப வலது கை லேசா நடுங்குது. பிரம்மி மாத்திரை சாப்பிட்டா மூளையில இருக்கிற விஷமெல்லாம் போயிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. வாங்கிக் கொடுக்கலாமா?"

"முதல்ல நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'பிரம்மி' என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்பனையாகின்றன. வட இந்தியாவில் பல இடங்களில் நம் வல்லாரையையே அப்படிச் சொல்கிறார்கள். நான் சொல்வது நீர்ப்பிரமி. தாவரவியல் பெயர் பக்கோப்பா மொன்னியேரி. வாய்க்கால் ஓரத்திலும் சதுப்பான இடத்திலும் தரையோடு படரும். இலை சின்னதாக, சதைப்பற்றோடு இருக்கும். பூ வெள்ளை அல்லது இளம் ஊதா. வல்லாரை இலை போல வட்டமாக, ஓரத்தில் பல் வெட்டோடு இருக்காது. இதிலுள்ள முக்கியமான பொருள்களுக்கு பேகோசைடுகள் என்று பெயர்.

சரி, நஞ்சு மூளையை எப்படித் தாக்குகிறது? நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. இவ்வளவு ஆக்சிஜன் எரியும் இடத்தில், அடுப்பிலிருந்து தீப்பொறி தெறிப்பது போல, செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளும் உண்டாகிக்கொண்டே இருக்கும். மூளையில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு வேறு அதிகம். சாதாரண நாட்களில் குளுட்டாதயோன் போன்ற பொருள்களும் சில நொதிகளும் இந்தப் பொறிகளை அணைத்துவிடும். நஞ்சு வந்தால் பொறிகள் கூடும், அணைக்கிற சரக்கு தீர்ந்துபோகும்.

பூச்சிமருந்துக்கும் கை நடுக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்ற சந்தேகம் 1980களிலேயே வலுப்பெற்றது. கலிபோர்னியாவில் கலப்படப் போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்களுக்குத் திடீரென்று பார்கின்சன் நோய் போலவே உடல் விறைத்துப்போனது. காரணம் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் என்று 1983இல் அறிவித்தார்கள். உடலுக்குள் அது மாறி உருவாகும் பொருளின் அமைப்பு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒத்திருந்தது. 2000இல் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தொடர்ந்து கொடுத்து எலிகளில் பார்கின்சன் அறிகுறிகளை உண்டாக்கிக் காட்டினார்கள். 2011இல் அமெரிக்காவில் மருந்து தெளிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோட்டினோன் தொழிற்சாலையில் செய்த ரசாயனம் இல்லை, செடி வேரிலிருந்து எடுப்பது. ஆகவே 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்ற பேச்சை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

ரோட்டினோன், செல்லுக்கு மின்சாரம் தயாரிக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவில் முதல் கட்டத்தையே அடைத்துவிடுகிறது. டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் இதை அதிகம் தாங்குவதில்லை. நம் அசைவுகளைச் சீராக வைப்பதில் அந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்த ரோட்டினோனைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு மட்டும் உண்ட ஈக்களுக்குக் குழாயில் மேலே ஏற முடியவில்லை, டோபமைன் குறைந்தது. உணவில் நீர்ப்பிரமியும் சேர்த்துக் கொடுத்த ஈக்கள் அவற்றைவிட நன்றாக ஏறின, சாவும் குறைந்தது. இந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பாராகுவாட்டை வைத்தும் அதே குழு இதைப் போன்ற பலனைக் காட்டியது. அதற்கு முன்பே 2006இல், அலுமினியம் கொடுத்த எலிகளின் மூளையில் சேதம் குறைவதை டெல்லி ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். நீர்ப்பிரமி மூளைக்குள் போய் விஷத்தைக் கழுவி வெளியேற்றுவதாக இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பொறியை அணைக்கிற குளுட்டாதயோனையும் நொதிகளையும் குறையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாராகுவாட் ஆய்வில் நீர்ப்பிரமியை எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஏழு நாள் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் நஞ்சைக் கொடுத்தார்கள். ரோட்டினோன் ஆய்வில் இரண்டும் சேர்ந்தே போயின. அதாவது பார்த்தது தடுப்பைத்தான். செத்துப்போன நரம்பு செல்லை அது எழுப்பிக் கொடுத்ததாக யாரும் காட்டவில்லை. பார்கின்சனில் கை நடுக்கம் வெளியே தெரியும்போது டோபமைன் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். சித்தப்பா விஷயத்தில் சிக்கலே இதுதான்.

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா? சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2001இலும் 2002இலும் வந்த இரண்டு ஆய்வுகளில், சுமார் மூன்று மாதம் நீர்ப்பிரமிச் சாறு சாப்பிட்டவர்களுக்குக் கற்பதிலும் புதிதாகக் கற்றதை நினைவில் வைப்பதிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்கு வயிற்றுப் பிரட்டலும் வரலாம். ஆனால் அவர்கள் எல்லாரும் நலமாக இருந்தவர்கள். நஞ்சு ஏறிய ஆட்களை வைத்துச் செய்த சோதனை இல்லை அது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நம் வயல்களில் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை முக்கியமானது. நரம்பில் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுத்துத்தான் அது பூச்சியைக் கொல்கிறது. அதே நொதியை நீர்ப்பிரமிச் சாறும் லேசாகத் தடுப்பதாகச் சில ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே மருந்தடித்துத் தலை சுற்றி, எச்சில் ஊறி, கண் சுருங்கிக் கிடப்பவருக்கு மூலிகை கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமை.

இரண்டாவது, செடி வளரும் இடம். நீர்ப்பிரமி தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தப்படுத்த இதைப் பயன்படுத்தலாமா என்றே ஆராய்ந்திருக்கிறார்கள். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் பறித்த செடி, நாம் பயப்படுகிற அதே நஞ்சை நமக்கு ஊட்டிவிடும். கடைச் சரக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அவை நீர்ப்பிரமி மட்டும் அல்ல, பலவகைப் பொருள்கள். இருந்தாலும் கன உலோகச் சோதனை செய்த சரக்கா என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

போன வாரம் தம்பிக்குப் போன் போட்டேன். மாத்திரை பற்றி டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். ஏனென்றால் அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தோடு இது மோதுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். என்னென்ன மருந்து அடித்தார், எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகவும் சொன்னேன். இனிமேல் அப்பாவை ஸ்பிரேயரைத் தொட விடாதே, நீ அடிப்பதாக இருந்தால் கையுறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடு, காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே, வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சோற்றில் கை வை என்றேன்.

"அதெல்லாம் தெரியும்ணே, வெயில்ல முகமூடி போட்டா மூச்சு முட்டுது" என்றான். விடிகாலையில் அடி என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறான். ஆராய்ச்சி ஈக்களுக்கு ஏழு நாள் முன்கூட்டியே பாதுகாப்புக் கிடைத்தது. அவனுக்கு இப்போது இருபத்தாறு வயதுதான்.