சிதைந்தது எழுத்தா, வாசிப்பா?

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். தமிழறியாத அரபுப் புலவர் அவ்வரிகளை ஒருவாறு ஓசைப்படுத்திவிடுவார், பொருள்தான் விளங்காது. பிழை ஏட்டில் இல்லை. எழுதியவர் கொண்ட முறை படிப்பவருக்குத் தெரியாமையே காரணம். கணிப்பொறித் திரையில் தமிழ் உருக்குலைந்து தோன்றுவதும் பெரும்பாலும் இத்தகையதே.

கணிப்பொறி அறிந்தவை எண்களே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாட்டைக் குறியேற்றம் என்பர். 1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் உடன்பாட்டை வைத்திருந்தது. மயிலாப்பூரில் தட்டச்சிட்ட கட்டுரையைத் தியாகராய நகரில் திறக்க, அதே எழுத்துருவும் உடன் செல்ல வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்கள் பிறந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. இன்று பெருவழக்காய் நிலைத்திருப்பது ஒருங்குறியே.

ஒருங்குறியைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து பைட்டுகள். ஒவ்வொரு குறியிலும் முதல் பைட்டின் மதிப்பு 224. மேலை ஐரோப்பியக் குறியேற்றத்திலோ 224 என்பது தலையில் சாய்கோடு தாங்கிய ‘ஏ’ என்னும் இலத்தீன் எழுத்து. திரையெங்கும் அவ்வெழுத்து திரும்பத் திரும்ப வருமாயின் அஞ்ச வேண்டா. கோப்பு நலமாகவே உள்ளது.

நோட்பேட் பிளஸ் பிளஸ் செயலியின் குறியேற்றப் பட்டியலில் ‘யூ.டி.எஃப்-8’ என்பதும் ‘யூ.டி.எஃப்-8க்கு மாற்று’ என்பதும் தனித்தனியே உள்ளன. நாம் வேண்டுவது முன்னதே. அது வாசிக்கும் முறையை மட்டும் மாற்றும். பின்னதோ எண்களையே மாற்றி எழுதுவது. உருக்குலைந்த நிலையில் அதனைத் தேர்ந்து சேமித்தால் அச்சிதைவே கோப்பில் பதிந்துவிடும். பெயர் ஒற்றுமையால் பலர் இடறுமிடம் இது.

‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றால், அது பாமினி எழுத்துருவில் தட்டியது. இங்கே செயலியின் அமைப்பை எவ்வளவு மாற்றினும் பயனில்லை. பாமினி எழுத்துருவை நிறுவவேண்டும்; அல்லது என்.எச்.எம். போன்ற மாற்றியால் ஒருங்குறியாக்க வேண்டும். பழைய ஆண்டு மலர்களின் கோப்புகளைக் காப்போர் எழுத்துருவின் பெயரையும் குறித்து வைப்பது நலம்.

உண்மையான இழப்பு வேறு. விண்டோஸ் நோட்பேடு 2019 வரை ஆன்சி என்னும் முறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. தமிழ் தட்டிச் சேமிக்கையில் அது எச்சரிக்கும். படிக்காமல் இசைவு தந்தால், மறுமுறை திறக்கையில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். அவை வாசிப்புப் பிழையல்ல. அகரமும் னகரமும் வேறுபாடின்றி 63 என்னும் ஒரே எண்ணாகிவிட்டன. அவ்வெண்ணிலிருந்து மூல எழுத்தை மீட்க வழியில்லை.