டைனோசரைத் தாண்டி உள்ளே வாருங்கள்!

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்துக்குள் நுழைகிறவர்கள், டி. ரெக்ஸ் எலும்புக்கூட்டின் வார்ப்பை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே கட்டடத்தில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்தான் அற்புதமே இருக்கிறது: முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகம். பாலூட்டி மாதிரிகள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல்!

ஒரு டிராயரை இழுத்தால், அடடா, சிப்மங்குகள்! முதுகில் கோடு போட்ட குட்டி அணில்கள். பஞ்சு அடைத்து, வாலுக்குள் கம்பி செருகி, பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசை பிசகாமல். ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் ஒரு சீட்டு: பிடித்த இடம், தேதி, ஆணா பெண்ணா, வால் எவ்வளவு, பாதம் எவ்வளவு. மண்டையோடு தனியாக ஒரு சின்னப் பெட்டியில். அந்த எலும்பின் மேலேயே மையில் எண்!

இவ்வளவு மெல்லிய எலும்புகளை ஒடிக்காமல் சுத்தம் செய்வது யார்? வண்டுகள்! டெர்மெஸ்டிட் வண்டுகளும் அவற்றின் புழுக்களும் காய்ந்த சதையைத் தின்றுவிட்டு எலும்பை அப்படியே விட்டுவைக்கின்றன.

இதையெல்லாம் 1908-இல் தொடங்கிவைத்தவர் ஆனி அலெக்ஸாண்டர். சர்க்கரைத் தொழிலில் செழித்த குடும்பத்துப் பெண். பணம் கொடுத்ததோடு நிற்காமல், தானே காடு மலை ஏறி விலங்குகளைச் சேகரித்தார். முதல் இயக்குநர் ஜோசப் கிரினெல், இந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியலாம் என்று 1910-லேயே எழுதினார்.

அப்படியே நடந்தது! 1914 முதல் 1920 வரை கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைகளில் கிரினெலின் குழு ஆய்ந்த அதே இடங்களுக்கு, 2003 முதல் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். 28 சிறு பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய பாதி, சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலே ஏறியிருந்தன. மலை சூடாகிவிட்டது. உச்சியில் வாழும் ஆல்பைன் சிப்மங்கின் பழைய தோலிலிருந்து எடுத்த மரபணுவை இன்றையதோடு ஒப்பிட்டபோது, அதன் மரபணு வளம் குறைந்திருப்பதும் தெரிந்தது. பஞ்சடைத்த அணில் சொன்ன சாட்சி!

மறு ஆய்வில் சேகரித்தவையும் சீட்டுக் கட்டி இங்கேயே வந்து சேர்கின்றன. வருடத்தில் ஒரு நாள், பல்கலைக்கழகத்தின் 'கேல் டே' அன்று, பொதுமக்களுக்கும் இந்தக் கதவுகள் திறக்கும். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அணிலின் அழகை அப்புறம் ரசிக்கலாம், முதலில் சீட்டைப் படியுங்கள். இடமும் தேதியும் இருந்துவிட்டால், யாரும் இன்னும் கேட்டிராத கேள்விக்கும் ஒரு சுண்டெலி பதில் சொல்லும்!