எஞ்சின் இல்லாத டிப்பர்

டோங்காவின் மஞ்சள் டிப்பருக்கு எஞ்சின் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. தகட்டை அழுத்தி எடுத்த ஒரு கேபின், பின்னால் ஒரு தொட்டி, அடியில் இரண்டு கம்பி அச்சு, சக்கரங்கள். வண்டி அவ்வளவுதான். ஆனாலும் 1960-களின் நடுவில் கடைக்கு வந்த நாளிலிருந்து அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. எதைக் கொண்டு ஓடியது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வேண்டிய தேவை இப்போது வந்திருக்கிறது. அந்த வண்டியோடு வளர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களில் சிலர் பரணில் கிடந்த பழைய டோங்காவைக் கீழே இறக்கி, மோட்டாரும் ரேடியோவும் பூட்டி, ரிமோட்டில் ஓட விடுகிறார்கள். பாகம் பாகமாக வாங்கி மாட்டிக்கொண்டு வரும்போது ஒரு கணக்கு வெளியே வருகிறது. அன்றைக்கு ஒரு சிறுவனின் கை எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்கிற கணக்கு அது.

தகடு அழுத்தியவர்கள்

மினசோட்டா மாநிலத்தில் மினடோங்கா ஏரிக்கரையில் இருக்கும் சிற்றூர் மவுண்ட். அங்கே 1946-இல் மவுண்ட் மெட்டல்கிராஃப்ட் என்ற பெயரில் ஒரு பட்டறை தொடங்கியது. தோட்டக் கருவிகள் செய்து விற்பதுதான் முதல் திட்டம். மறு ஆண்டு, கூடுதல் சரக்காக இருக்கட்டும் என்று ஒரு மண்வாரியையும் ஒரு கிரேனையும் பொம்மையாகச் செய்து பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே 37,000 பொம்மைகள் விற்றன. மண்வெட்டியும் களைக்கொட்டும் பின்னுக்குப் போயின. 1955-இல் ஏரியின் பெயரிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு நிறுவனம் டோங்கா ஆனது.

இந்தத் தொழிலில் டோங்காவுக்கு மூத்தவர்களும் உண்டு. இல்லினாய்ஸில் லாரிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்துகொடுத்த ஃபிரெட் லண்டால், தன் மகன் விளையாடுவதற்காக அதே தகட்டில் வண்டிகள் செய்தார். அது 1921-இல் ‘பட்டி எல்’ என்ற பெயரில் வியாபாரமாகிவிட்டது. ராக்ஃபோர்டில் நைலிண்ட், ஒஹாயோவில் டோப்கே என்று பின்னால் வந்த போட்டியாளர்களும் இரும்புத் தகட்டைத்தான் நம்பினார்கள். டோப்கே ஒரு படி மேலே போய், யூக்ளிட் லாரி, ஆடம்ஸ் கிரேடர் போன்ற நிஜ இயந்திரங்களை அச்சு அசலாகச் சிறிதாக்கி விற்றது. இரும்புத் தகட்டில் பிறந்த பொம்மைகள் என்பதால் அவற்றின் உறுதியும் அந்த வகையாகவே இருந்தது. 1970-களில் டோங்கா தன் வண்டிமேல் ஒரு யானையை ஏற்றிக்காட்டித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது.

கவிழ்த்துப் பார்த்தால்

பழைய டிப்பர் ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்போம். கேபினும் அடிச்சட்டமும் திருகால் இணைக்கப்பட்டிருக்காது. தகட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள் விட்டு, எதிர்த் தகட்டின் துளையில் நுழைத்து மடித்திருப்பார்கள். சில இடங்களில் ரிவெட் அடித்திருப்பார்கள். அச்சு நேரான எஃகுக் கம்பி. சக்கரம் கழன்று போகாமல் கம்பியின் முனையில் ஒரு மூடியை அழுத்தி இறுக்கியிருப்பார்கள். திரும்பக் கழற்றும் எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட வேலை. மடித்த நாக்கை ஒரு தடவை நிமிர்த்தலாம், மறுபடி மடிக்கலாம். மூன்றாம் தடவை அது முறிந்து கையோடு வந்துவிடும்.

முன் அச்சும் பின் அச்சைப் போலவே அசையாமல் நிற்கிறது. அப்படியானால் அன்று இந்த வண்டி எப்படித் திரும்பியது? பையன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, தொட்டியின் விளிம்பைப் பிடித்து, பின்பக்கத்தை லேசாகத் தூக்கி நகர்த்தி வைத்தான். ஸ்டியரிங் வேலை அதோடு முடிந்தது. எதையும் தூக்க முடியாத மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முன் அச்சை முழுதாக எடுத்துவிட்டு, சக்கரம் இடமும் வலமும் திரும்பக்கூடிய வேறொரு அச்சைப் பூட்ட வேண்டும். பாறையில் ஏறும் ரிமோட் ஜீப்புகளுக்கென்று விற்கும் அச்சுகள் இதற்குப் பொருந்தும். அதை இழுத்துத் திருப்ப, சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் சிறு மோட்டாரான சர்வோ ஒன்று வேண்டும். இரும்பு வண்டியின் பாரம் முன் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதால் விமான பொம்மைக்கு மாட்டும் சிறிய சர்வோ இங்கே தாங்காது; 20 கிலோ-செ.மீ. முறுக்கு தரும் வகையைத்தான் பலர் போடுகிறார்கள்.

அடுத்தது ஓட்டம். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. தூரம் போகும். ரிமோட் கார்களுக்கான சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டு அதை நேராக அச்சில் பூட்டினால், காகிதத்தில் மணிக்கு 188 கி.மீ. வேகம் வரும். தரையில் வண்டி அசையவே அசையாது. மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும். நூற்றுக்கு ஒன்றாகக் கியர் குறைத்தால் வேகம் மணிக்கு 2 கி.மீ. பக்கம் இறங்கும், முறுக்கு ஏறும். மண் சுமந்த லாரிக்கு அந்த நடைதான் அழகு. முட்டிபோட்டுத் தள்ளிய பையன் இந்தக் கணக்கு எதையும் போடவில்லை. மண் கனத்தால் தோளைக் கொடுத்தான், சரிவு வந்தால் பின்னால் இழுத்துப் பிடித்தான். அவனே கியர், அவனே பிரேக்.

இன்னொன்று யார் கண்ணிலும் பட்டிருக்காது. பழைய வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் கம்பியில் தனித்தனியாகச் சுழன்றது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும், ஓடிக்கொண்டது. மோட்டார் பூட்டியதும் பின் சக்கரங்கள் இரண்டும் அச்சோடு சேர்ந்து இறுகிவிடுகின்றன. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வைக்காவிட்டால் திரும்பும்போதெல்லாம் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே போகும்.

தொட்டியைக் கவிழ்ப்பது மூன்றாவது வேலை. அன்று ஒரு விரல் போதும். இன்று தொட்டிக்கு அடியில் 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் ஒன்றைச் சாய்வாக வைக்கிறார்கள். உள்ளே திருகாணி சுழலச் சுழல, தண்டு மெதுவாக வெளியே நீண்டு தொட்டியை நெம்பும். கீல் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் வைத்தால் தூக்கத் திணறும். தள்ளி வைத்தால் எளிதாகத் தூக்கும், ஆனால் முழுதாகக் கவிழ்வதற்கு முன் தண்டின் நீளம் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இடம் பிடிப்பதற்காகவே அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு.

இவ்வளவுக்கும் முன்னால் பெயின்ட் விஷயம் ஒன்று. அமெரிக்காவில் பொம்மை பெயின்டில் ஈயம் 0.06 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற தடை 1978-இல்தான் வந்தது. 2009-இல் வரம்பு 0.009 விழுக்காடாக இறங்கியது. அதனால் 1978-க்கு முந்தைய வண்டியைத் துருவோடு சேர்த்து உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஈயத் தூளைத் தானே மூச்சில் ஏற்றிக்கொள்வதற்குச் சமம். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஈயச் சோதனை செய்கிறார்கள், நனைத்துத் தேய்க்கிறார்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை.

ஏரியல் இருந்த காலம்

ரேடியோ பூட்டும் ஆசை புதிதன்று. அன்றும் செய்தவர்கள் உண்டு. ஆனால் அது முழுக்கப் பொறுமையின் வேலை. அந்நாளைய ரிமோட் பொம்மைகள் பலவும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடின. அந்த அலையின் நீளம் 11 மீட்டர். அதில் கால்வாசி ஏரியல் வைப்பதானால்கூட 2.8 மீட்டர் கம்பி வேண்டும். சுருள் போட்டுக் குறைத்த பிறகும் நீளக் கம்பியொன்று வண்டிமேல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அலைவரிசையைத் தீர்மானித்தது ஒரு சிறிய கிரிஸ்டல். ஆறு கிரிஸ்டலுக்கு ஆறு நிறம். எந்தக் கிரிஸ்டலோ அந்த நிறத்தில் ஏரியலின் முனையில் நாடா கட்டுவார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு சிவப்பு நாடா சேர்ந்தால் ஒருவர் ஓய்ந்து நிற்க வேண்டியதுதான். நீல நாடாவின் 27.255 மெகாஹெர்ட்ஸ், லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவின் 23-ஆம் சேனலும்கூட. 1970-களில் சிபி மோகம் ஏறியபோது, சாலையில் போகிற நிஜ லாரிக்காரர் பேசினால் வீட்டில் பொம்மை லாரி துள்ளும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க அப்போது ஒரு சர்வோ, சுருள்கம்பி மேல் ஒரு உலோக நாக்கை நகர்த்தும். மெதுவாகப் போனால் மீதி மின்சாரம் வெறும் சூடாகிக் கரையும். ஊர்ந்து போக வேண்டிய டிப்பருக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இல்லை. நிக்கல்-காட்மியம் செல் ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட்; அந்த பேட்டரியே வண்டிக்கு ஒரு சுமை.

இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் 12.5 செ.மீ.; ரிசீவரின் ஏரியல் 3 செ.மீ. நுனி. அனுப்பும் பெட்டியும் ரிசீவரும் ஒரு தடவை ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொண்டால் போதும், பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குழப்பம் வராது. சர்வோவுக்குப் போகும் கட்டளை மட்டும் பழைய பாஷையிலேயே இருக்கிறது: நொடிக்குச் சுமார் 50 துடிப்பு, ஒவ்வொன்றும் 1.5 மில்லிநொடி என்றால் நேராக நில், 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். வேகத்தைக் குறைப்பதற்கு, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டித் தருகிற சிறு சர்க்யூட் வந்துவிட்டது. டோங்காவுக்கென்று உள்ள தொல்லை ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. சுற்றிலும் இரும்புக் கேபின் என்பதால் உள்ளே வைத்த ரிசீவருக்குச் சிக்னல் சரியாக எட்டாது. அந்த 3 செ.மீ. நுனியை ஏதாவது ஒரு துளை வழியாக வெளியே எடுத்துவிட்டாக வேண்டும்.

பட்டறையும் மாறிவிட்டது. அன்று மோட்டார் உட்காரும் தட்டு வேண்டுமென்றால் தகடு வெட்டி, துளை போட்டு, அரம் பிடித்து ராவ வேண்டும். இன்று கணினியில் வரைந்து 3டி பிரின்டரில் ராத்திரி போட்டுவிட்டால் காலையில் தட்டு தயார். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக இழைக்கும் இந்த முறையைக் காப்புரிமையாக வைத்திருந்த ஸ்ட்ராட்டசிஸ், மவுண்ட் இருக்கும் அதே ஹென்னபின் மாவட்டத்தில் ஈடன் பிரெய்ரியில் வளர்ந்த நிறுவனம். 2009-இல் அந்த உரிமை காலாவதியான பிறகே பிரின்டரின் விலை சரிந்து வீட்டு மேசைக்கு வந்தது. பொம்மை பிறந்த வட்டாரத்திலேயே அதை மாற்றும் கருவியும் பிறந்திருக்கிறது.

இறங்கிவிட்ட ஓட்டுநர்

ஆனால் டோங்கா இப்போது அந்த வட்டாரத்தில் இல்லை. 1980-களின் முன்பாதியில் உற்பத்தி மவுண்டை விட்டுத் தெற்கே மெக்சிகோ எல்லைப் பக்கம் போயிற்று. 1991-இல் டோங்கா நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது. 2001-இல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மன்றத்தில் டோங்கா லாரிக்கு இடம் கிடைத்தது. இன்றும் அந்தப் பெயரில் டிப்பர் விற்கிறது, தொட்டியும் இரும்புதான். ஆனால் மாற்றி ஓட்டுகிறவர்கள் தேடுவது பழையதை.

மூலமாக இருந்த நிஜ லாரியின் கதை இன்னும் விசித்திரம். பொம்மை வந்த காலத்தில் 35 டன் சுமக்கும் கேட்டர்பில்லர் 769 பெரிய வண்டி. மேலே ஒருவர் உட்கார்ந்து, உடம்பெல்லாம் குலுங்க ஓட்டினார். 2008-இல் சிலியில் கோடெல்கோவின் கேப்ரியேலா மிஸ்ட்ரால் செம்புச் சுரங்கத்தில் கொமாட்சுவின் ஆளில்லா டிப்பர்கள் வேலையில் இறங்கின. ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் ரியோ டின்டோவின் ஆளில்லா லாரிகளைச் சுமார் 1,500 கி.மீ. தள்ளி பெர்த்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். நிஜ வண்டியிலிருந்து ஓட்டுநர் இறங்கிவிட்டார், பொம்மை வண்டியிலிருந்து பையனும் இறங்கிவிட்டான். இருவருமே இப்போது தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள்.

சேகரிப்பாளர்களுக்கு இந்த மாற்றும் வேலை அறவே பிடிப்பதில்லை. ஒரு துளை போட்டாலும் வண்டியின் விலை போயிற்று என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. பெயின்ட் பிழைத்திருக்கும், பெட்டியோடு இருக்கும் வண்டியில் கை வைக்கக் கூடாது. ஆனால் மழையில் கிடந்து பாதி துருப்பிடித்து, சக்கரம் ஒன்று காணாமல் போன வண்டிகள் பழைய சாமான் சந்தையில் ஏராளம். அவற்றுக்கு மோட்டார் ஒரு மறுவாழ்வு. அப்போதும் புதிதாகத் துளை போடாமல் இருக்கிற துளைகளிலேயே தட்டைப் பொருத்தி, கழற்றிய அச்சுக்கம்பியைப் பத்திரப்படுத்துகிறவர்களே விவரமானவர்கள்.

பத்திரப்படுத்துவதற்கு விலையைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. நூறு மடங்கு கியர் குறைத்த வண்டியைக் கையால் தள்ளினால் நகராது. சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற, உள்ளே மோட்டார் நூறு சுற்று சுற்றியாக வேண்டும். பலமாகத் தள்ளினால் பல்சக்கரம் உடையும். ரிமோட்டுக்கு மாறிய டோங்கா ஒரு சின்னப் பிள்ளையின் கைக்கு வளைந்து கொடுக்காது. பேட்டரி தீர்ந்தால் வெறும் இரும்பு. மோட்டாருக்கு ஆர்டர் போடும் முன், வீட்டில் தள்ளி விளையாடுகிற வயதில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால் இன்னும் ஐந்தாறு வருஷம் பொறுக்கலாம். யானையைத் தாங்கிய வண்டி அதையும் தாங்கும்.